தெரியாது என்ற பொய்

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களைப் பார்த்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் பாறையைச் செதுக்கி உருவாக்கிய அந்தத் தேர்களுக்குச் சக்கரம் இல்லை. ஆகையால் அவை யாரையும் சுமப்பதுமில்லை. யார் மீதும் ஏறுவதுமில்லை. ஓடுகிற தேர் வைத்திருப்பவனுக்குத்தான் பொறுப்பு என்ற தொல்லை உண்டு.

அந்தத் தொல்லை எனக்கு ஓர் அம்பாஸடர் காரின் வடிவில் வந்தது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் செய்யப்பட்ட வண்டி அது. என் தகப்பனார் ஆசையோடு வாங்கியது. ஒரு நாள் மாலை மாமல்லபுரத்திலிருந்து அதில் திரும்பிக்கொண்டிருந்தேன். திருப்போரூரைத் தாண்டியதும், ஆட்டுக்கல்லில் மணல் விழுந்தாற்போல, பின்பக்கத்திலிருந்து ‘கரகர’ என்று ஒரு சத்தம் கிளம்பியது.

புதிய சத்தமல்ல. மூன்று வாரமாக விட்டு விட்டுக் கேட்டதுதான். அதற்கு நான் கண்ட பரிகாரம் வானொலியை உரக்க வைத்தது. காரணம் இல்லாமல் இல்லை. அந்த வாரக் கடைசியில் வண்டி கைமாறுவதாக இருந்தது. வாங்க இருந்தவர் சின்ன வயதுப் பள்ளி ஆசிரியர். தாயாரையும் இரண்டு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஊர் போக ஆசைப்பட்டவர். “குறை ஏதாவது உண்டா, சார்?” என்று அவர் கேட்டபோது, “எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை” என்று சொல்லியிருந்தேன். அந்த வாக்கியம் பொய்யல்ல என்று எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது. நான்தான் பார்க்கவே இல்லையே!

நாவலூர் வந்தபோது வானொலியாலும் சத்தத்தை மறைக்க முடியவில்லை. கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடி மாளிகைகள் நிற்கும் சாலையை விட்டு ஒரு கிளைத் தெருவுக்குள் திரும்பினேன். அங்கே தகரக் கூரையின் கீழ் ஒரு பட்டறை. வயதான மெக்கானிக் வண்டியைத் தொடுவதற்கு முன் வைத்தியரைப் போலக் கேள்விகள் கேட்டார்.

“வேகம் கூடினா சத்தமும் கூடுதா? திரும்பறப்ப மாறுதா? பிரேக் மிதிச்சா என்ன ஆகுது?”

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நியாயம் இருந்தது. வண்டி திரும்பும்போது பாரம் வெளிப்புறச் சக்கரத்தின் மேல் சாய்கிறது. இடப்பக்கம் திரும்பும்போது இரைச்சல் கூடினால் வலப்பக்கத்துப் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். பிரேக்கை மிதிக்கும்போது கூடினால் கோளாறு பெரும்பாலும் பிரேக்கில் இருக்கும். என் வண்டியில் மிதித்தால்தான் கூடியது.

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கினார். சக்கரத்தைக் கையால் சுழற்றினார். மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இல்லை, பேரிங் பிழைத்தது. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கறுப்புத் தூள். அதை அவர் ஊதவில்லை, ஈரத்துணியால் துடைத்தார். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூள் நுரையீரலைக் கெடுக்கும். லைனிங் தேய்ந்து, அதைப் பிடித்திருந்த ரிவெட் ஆணிகள் டிரம்மில் பள்ளம் பறித்திருந்தன.

“முன்னாடியே வந்திருந்தா லைனிங்கோட போயிருக்கும். இப்ப டிரம்மையும் கடைசல் பிடிக்கணும். அதையும் ஒரு அளவுக்கு மேல கடைய முடியாது, சார். எத்தனை நாளா சத்தம்?”

“மூன்று வாரமாக.”

“அப்ப, தெரிஞ்சிருக்கு.”

அவர் குற்றம் சாட்டவில்லை, கணக்குச் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழையது என்று அவருக்குச் சந்தேகம். இத்தனை முறை போய் வந்ததே, இப்போதும் வந்துவிடும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு பிரயாணிகளை அனுப்பிவிடுகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் உண்மையாகவே நம்பினார். ஆயினும் குற்றவாளி என்கிறார் கிளிஃபோர்ட். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் குற்றமே என்றும் சொல்கிறார்.

அப்படியானால் எழுகிற ஒவ்வொரு சத்தத்தின் பின்னாலும் ஓடிக்கொண்டிருக்க முடியுமா? முடியாது. பணம் இல்லாமல், நேரம் இல்லாமல், விவரம் புரியாமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சோதனை இருக்கிறது. தெரியாமல் இருப்பதால் எனக்கு லாபம் உண்டா? உண்டு என்றால், அந்தத் தெரியாமை அறியாமை அல்ல. நான் செய்த காரியம்.

மனுநீதிச் சோழனின் கதையில் கன்றின் மேல் ஏறியது மகனுடைய தேர்ச் சக்கரம். நாம் எல்லோரும் அந்தத் தண்டனையைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கோ அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அரண்மனை வாயிலில் கட்டியிருந்த மணி. தன் தூக்கத்தைக் கெடுக்கக்கூடிய சத்தத்தைத் தானே ஏற்பாடு செய்துகொண்டான் அந்த அரசன். இன்றைய கார்கள் பலவற்றில் பிரேக் கட்டையோடு ஒரு மெல்லிய இரும்பு நாக்கு வைக்கிறார்கள். கட்டை தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆகும்போது அது வட்டில் உரசிக் கிறீச்சிடும். அதுவும் ஆராய்ச்சி மணிதான். அடிக்கிற மணிக்கு எழுந்திருப்பது மட்டும் நம் பொறுப்பு.

பட்டறையிலிருந்தே ஆசிரியருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, “வேறு ஏதாவது இருக்கிறதா, சார்?” என்றார். அதே கேள்வி. இம்முறை, “எனக்குத் தெரியாது, நாளைக்கு நீங்களே வந்து ஓட்டிப் பாருங்கள்” என்றேன்.

மறுநாள் அவர் வந்து ஸ்டியரிங் முன் உட்கார்ந்தார். வண்டி கிளம்புவதற்கு முன்னால் வானொலியை அணைத்தேன்.