இரவுக் கட்டளை அறமா?

2025 ஜனவரியில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத் தலைவர் தம் ஊழியர்களிடம் பேசிய காணொலி ஒன்று வெளியே கசிந்தது. வாரம் 90 மணி நேரம் உழைக்க வேண்டும், ஞாயிறன்று உங்களிடம் வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்துகிறேன் என்ற அந்தப் பேச்சை நாடே கண்டித்தது. கண்டித்தவர்களில் எத்தனை பேர் அன்றிரவே தமக்குக் கீழுள்ளவருக்கு வாட்ஸ்அப்பில் வேலை ஏவினார்களோ! அந்தத் தலைவர் வாய்விட்டுச் சொன்னதைப் பல அலுவலகங்கள் சொல்லாமலே செய்கின்றன. பணிநேரம் முடிந்தபின் கைப்பேசி வழியே கட்டளையிடுவது, கூலியின்றி உழைப்பை வாங்குவது. ஆகவே அது அறமன்று.

இணையத் தொடர்பு வந்தால் மேல்கீழ் தளரும் என்றார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. நேற்றுச் சேர்ந்தவரும் இயக்குநருக்கு நேரே எழுதலாம். அந்தக் காணொலி பரவியதும் இணையத்தின் தயவால்தான். ஆனால் ஒரே குழுவில் இருப்பதால் எல்லோரும் சமமாகிவிடுவதில்லை. மேலாளர் பதில் போடாவிட்டால் அவருக்கு ஆயிரம் வேலை. இளையவர் போடாவிட்டால் அலட்சியம். வாட்ஸ்அப்பின் நீல டிக்கைத் தனி உரையாடலில் அணைத்து வைக்கலாம், குழுவில் முடியாது; யார் படித்தார் என்பது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். சோழன் வாயிலில் கட்டிய ஆராய்ச்சி மணியைக் கன்றிழந்த பசுவும் அடித்தது என்பதைக் கண்ணகி பாண்டியன் அவையில் நினைவூட்டுகிறாள். எளியவர் குறை மேலே எட்டத்தான் அந்த மணி. இன்றோ மணி குடிமகனின் படுக்கையறையில் தொங்குகிறது, கயிறு அரண்மனையில் இருக்கிறது. அதிகாரத்துக்கும் அளவு வேண்டும் என்பது பழைய பாடம்தான். அளவறிந்து வரி கொள்ளும்படி பாண்டிய மன்னன் அறிவுடைநம்பிக்குப் புலவர் பிசிராந்தையார் இடித்துரைத்தது புறநானூற்றில் உண்டு. குடிகள் அஞ்சும்படி நடப்பதைக் கடிய ‘வெருவந்த செய்யாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், அதையடுத்துக் ‘கண்ணோட்டம்’ வைத்தார். நள்ளிரவில் அஞ்சி அஞ்சித் திரையைப் பார்ப்பவரிடம் வாங்கும் வேலையை இவர்களில் யார் ஒப்புவார்?

அவசரம் என்பார்கள். மருத்துவமனைக்கும் மின்வாரியத்துக்கும் அவசரம் உண்டு. அதற்கு முறைப்பணி வைக்கலாம், படி கொடுக்கலாம். இரவு பத்து மணிக்கு வருவது பெரும்பாலும் மறுநாள் கூட்டத்துக்கான ஸ்லைடுதான். விருப்பமில்லாதவர் பேசாமல் இருக்கலாமே என்பது இன்னொரு வாதம். ஊதிய உயர்வுக்கு மதிப்பெண் போடுகிறவரே செய்தியும் அனுப்பும்போது, பேசாமல் இருக்கும் உரிமை ஏட்டுச் சுரைக்காய்.

எட்டு மணி நேர வேலை கேட்டுப் பிறந்த மே தினத்தைத் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் 1923-இலேயே சென்னையில் கொண்டாடினார். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி என வரம்பு கட்டி, மிகை நேரத்துக்கு இரட்டை ஊதியம் விதித்தது. கைப்பேசியில் நடக்கும் வேலையோ எந்த வருகைப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பிரான்சில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டமாக இருக்கிறது. இந்தியாவில் நாடாளுமன்ற உறுப்பினர் சுப்ரியா சுலே இதற்காக 2018 இறுதியில் மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா நிறைவேறவில்லை. சட்டம் வரட்டும் என்று மேலாளர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இரவில் எழுதிய மின்னஞ்சல் காலை ஒன்பதுக்குப் போகும்படி நேரம் குறித்து வைக்கும் வசதி 2019 முதல் ஜிமெயிலிலேயே இருக்கிறது. இன்றிரவே அதைப் பயன்படுத்துங்கள்.