சுவரும் ஓர் அமானிதம்



கோடியக்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்படும் கலங்கரை விளக்கம் ஒன்று இருந்தது. செங்கல்லும் சாந்தும் கொண்டு எழுப்பியது. 2004 டிசம்பர் 26 சுனாமி அதைச் சிதைத்துவிட்டது. கடல் கொண்டுபோனதைப் பற்றி மறுமையில் யாரும் நம்மைக் கேட்கப் போவதில்லை. ஆனால் நல்ல எண்ணத்தோடு நம் கையாலேயே பழைய சுவர்களைக் கெடுக்கிறோமே, அதற்கு என்ன பதில்?

நம் கடற்கரை ஊர்களில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய பள்ளிவாசல்களைப் பாருங்கள். உப்புக்காற்றில் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. ஜமாஅத் கூடுகிறது. "சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டிவிடலாம், ஐம்பது வருஷம் அசையாது" என்கிறார் ஒருவர். எல்லோருக்கும் சம்மதம்.

சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியே வெளியேறிக் காயும். கூட வந்த உப்பு பூச்சில் பூக்கும். பூச்சு உதிரும், செங்கல் பிழைக்கும். உதிர்வதுதான் அதன் வேலை. சில வருஷங்களுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும், அவ்வளவுதான். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. உப்பு செங்கல்லுக்குள்ளேயே இறுகி அதை மாவாக்குகிறது. வெளியே பளபளப்பு, உள்ளே பொடி.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் உங்களுக்குத் தெரியும். மேலே காய்ந்த தானியம். உள்ளே விரலில் ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கண்டித்தார்கள். நெல்லை ஈரப்பதம் பார்த்து விற்கும் நம் டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிமெண்டுக்குள் மறைத்த ஓதச் சுவரும் அந்தக் குவியல்தான். ஏமாற்றும் எண்ணம் நமக்கு இல்லை, உண்மை. ஆனாலும் நம் பேரப்பிள்ளைகள் கைவைத்துப் பார்க்கும்போது அவர்களுக்குக் கிடைப்பது அந்த ஈரம்தானே?

அப்படியானால் பழையதை மாற்றவே கூடாதா? கூடும். மஸ்ஜிதுந் நபவியை உமர் (ரலி) அவர்கள் விரிவாக்கியபோது முன்பிருந்தபடியே பச்சைச் செங்கல்லாலும் பேரீச்ச ஓலையாலும் கட்டினார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் செதுக்கிய கல்லையும் சுண்ணத்தையும் கொண்டு கட்டினார்கள். சிலர் குறையும் சொன்னார்கள். இரண்டுமே நம் முன்மாதிரிகள்தான். ஆனால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்றே பாராமல், நன்கொடையாளர் பெயர்ப் பலகைக்குப் பொருத்தமாகச் சுவரை மாற்றுவதற்கு அவர்களிடம் ஆதாரம் தேட முடியாது.

"இந்தச் செலவை ஏழைக் குமர் காரியத்துக்குக் கொடுக்கலாமே" என்பவரின் கேள்வி கனமானது. உங்கள் சொந்தப் பணமென்றால் தயங்காமல் அங்கே கொடுங்கள். ஆனால் பராமரிப்புக்கென்று வக்ஃப் செய்யப்பட்ட வருமானத்தை வாகிஃபின் நிபந்தனைக்கு மாற்றமாகச் செலவிட நமக்கு உரிமை இல்லை.

நாகூரின் 131 அடி மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். (தர்கா பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு உண்டு, அது இன்றைய பேச்சல்ல.) கட்டியவர் முஸ்லிம் அல்லர். அப்படிப்பட்ட சுவரின் மேல் கைவைக்க நாம் மட்டும் கூடி முடிவெடுத்தால் போதுமா?

அடுத்த ஜமாஅத் கூட்டத்துக்கு, சுண்ணாம்பை ஊறவைத்துக் கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சேர்த்து அரைக்கத் தெரிந்த கொத்தனார் ஒருவரை அழையுங்கள். இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர் வருவதற்கு முன் மொட்டை மாடியில் ஏறி, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்து வையுங்கள்.