வேலை முடியும் வரை

வாடகைக்குப் படம் எடுத்துப் பார்த்த காலத்தில் எனக்கு வரிசை என்று ஒன்று இருந்ததில்லை. கடையில் எது இருக்கிறதோ அதுதான். ஒரு சனிக்கிழமை ஜாக்கி சானும் ஒரு பிரெஞ்சுச் சிறைப் படமும் ஒரே பையில் வீட்டுக்கு வரும். அடுத்த வாரம் ஒரு மலையாளப் படம், ஒரு ஜப்பானியக் கார்ட்டூன், கூடவே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்க ஒரு ரஜினி படம். கடைக்கார அண்ணன் சண்டை, பேய், காதல், குழந்தைகள் என்று தட்டுப் பிரித்து வைத்திருந்தார். எந்தத் தட்டிலும் சேராதவை அடித்தட்டில் கிடக்கும். "அதெல்லாம் மெதுவாப் போகும் தம்பி, பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார். பரவாயில்லை என்பேன்.

பார்த்த படத்தைப் பற்றி நாலு வரி எழுதிவைக்கும் பழக்கம் அப்போதே உண்டு. அந்த நோட்டை இப்போது படிக்கிறேன். கதையைப் பற்றி அதில் அதிகம் இல்லை. ஒரு கதவுப் பலகை, சுருக்கம் விழுந்த ஒரு சுவரொட்டி, ரப்பர் முத்திரையைத் துடைக்கும் ஒரு கை, பூசாத ஒரு செங்கல் சுவர். எனக்குப் பிடித்த படங்களுக்குள் மொழி உறவும் இல்லை, கால உறவும் இல்லை. ஒரு மனிதர் ஒரு வேலையைத் தொடங்கினால், அது முடியும் வரை அவசரப்படாமல் அவர் பக்கத்தில் நிற்கிற படங்கள் என்பதுதான் அவற்றின் சொந்தம்.

*

ராபர்ட் பிரெஸ்ஸோன் 1956இல் எடுத்த 'எ மேன் எஸ்கேப்ட்'. ஒருவன் தப்பிவிட்டான் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. 1943இல் லியோன் நகரத்து மோன்லுக் சிறையில் ஜெர்மானியர்களிடம் அடைபட்டிருந்த ஆந்த்ரே தெவினி என்பவரின் அனுபவம் இது. படத்தில் அவர் பெயர் ஃபோந்தேன். முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், எப்படித் தப்பினான் என்பது மட்டுமே நமக்கு மிச்சமாக இருக்கிறது. படத்துக்கு வேண்டியதும் அது ஒன்றுதான்.

அறைக் கதவு ஓக் பலகை. பலகைகளை இணைக்கும் இடத்தில் மட்டும் மரம் அத்தனை வன்மை இல்லை. அதை ஃபோந்தேன் கண்டுகொள்கிறார். சாப்பாட்டோடு வந்த இரும்புக் கரண்டியைத் தரையில் தேய்த்துத் தேய்த்து உளியாக்குகிறார். செதுக்குகிறார். காலடி கேட்டால் நிறுத்துகிறார். உதிர்ந்த மரத்தூளை ஒன்றுவிடாமல் கூட்டி எடுக்கிறார். பலகை கழன்றதும் அடுத்த வேலை கயிறு. போர்வையையும் துணிகளையும் கீற்றாகக் கிழித்து, கட்டில் கம்பியை உருவிச் சேர்த்து முறுக்குகிறார். விளக்கின் சட்டம் கொக்கியாகிறது. இதெல்லாம் சாகசமாகக் காட்டப்படுவதில்லை. ஒரு தச்சர் பட்டறையில் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு நேரம் பார்ப்போமோ அவ்வளவு நேரம் பார்க்கிறோம்.

ஃபோந்தேனாக வரும் பிரான்சுவா லெத்தெரியே அப்போது தத்துவம் படித்துக்கொண்டிருந்த மாணவர், நடிகர் அல்ல. பிரெஸ்ஸோன் அப்படித்தான் ஆட்களைத் தேர்ந்தெடுப்பார். அந்த முகம் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. பயத்தைச் சொல்லும் பொறுப்பு சத்தங்களுக்கு விடப்பட்டிருக்கிறது. காவலாளியின் சாவி படிக்கட்டுக் கம்பியில் உரசும் ஒலி, எங்கோ போகும் ரயில், பூட்டு திறக்கும் சத்தம். வீட்டில் எல்லோரும் தூங்கியபின் ஒலியைக் குறைத்து வைத்துப் பார்த்ததால், டிவிக்கு மிகப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். செதுக்கும் சத்தம் தவறிப் போய்விடக் கூடாது.

கடைசியில் அதே அறைக்குள் ஜோஸ்ட் என்ற சின்னப் பையனைக் கொண்டுவந்து அடைக்கிறார்கள். அவன் உளவாளியாகவும் இருக்கலாம். அவனைக் கொல்வதா, கூட்டிப் போவதா? ஃபோந்தேன் கூட்டிப் போகிறார். மதிலுக்கு வந்தபின்தான் தெரிகிறது, இன்னொரு ஆள் இல்லாமல் அதை ஏறியிருக்கவே முடியாது. இத்தனை நாள் தனியாகச் செய்த வேலை, அந்தப் பையன் வந்திராவிட்டால் மதிலடியிலேயே நின்றிருக்கும். இதைப் பக்திப் படம் என்று விமர்சகர்கள் சொல்வதை நான் மனதார ஏற்கிறேன். அந்த மதிலடியில் நானும் அதை உணர்ந்தேன்.

*

ஜாக்கி சானின் 'போலீஸ் ஸ்டோரி' (1985). பிரெஸ்ஸோனுக்குப் பக்கத்தில் இதை வைக்க எனக்குத் தயக்கமே இல்லை.

இறுதிச் சண்டை ஒரு வணிக வளாகத்தில் நடக்கிறது. உடைந்த கண்ணாடிக்குக் கணக்கில்லை, படக்குழுவே இதற்குக் 'கிளாஸ் ஸ்டோரி' என்று பெயர் வைத்துவிட்டது. ஜாக்கி மேல்மாடிக் கைப்பிடியிலிருந்து தாவி, மின்விளக்குச் சரம் சுற்றிய கம்பத்தைப் பிடித்துக் கீழ்த்தளம் வரை சறுக்குகிறார். விளக்குகள் பொரிகின்றன. உள்ளங்கை வெந்துபோனது, முதுகில் அடிபட்டது. படத்தில் அந்தச் சறுக்கலை வேறு வேறு கோணங்களில் மறுபடி மறுபடி காட்டுகிறார்கள்.

அதைத் தற்பெருமை என்று என் நண்பர்கள் சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஒரு மனிதர் உடம்பைக் கொடுத்துச் செய்த ஒன்றை ஒரு நொடியில் கடந்து போவதுதான் மரியாதைக் குறைவு. பெயர்கள் ஓடும்போது தவறிய டேக்குகளையும் காட்டுவார்கள். விழுந்தவர்கள், தாங்கிப் பிடிக்க ஓடி வருகிறவர்கள், கட்டுப் போட்ட கைகள். மற்றவர்கள் மறைக்கும் உழைப்பை ஜாக்கி கூப்பிட்டுக் காட்டுகிறார். எழுந்து போகாமல் கடைசிப் பெயர் வரை பார்ப்பேன்.

*

'அண்ணாமலை' (1992) பற்றி எழுதியிருப்பது கொஞ்சம்தான். சுரேஷ் கிருஷ்ணா இயக்கியது. மாடும் பாலும் சைக்கிளுமாக வரும் முதல் பாதி எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தப் பால்காரரைத் தெருவில் பார்த்திருக்கிறோம் என்று தோன்றும். பிறகு நண்பனிடம் சவால். அதன் பின் ஒரே பாட்டில் ஓட்டல் அதிபர். தியேட்டரில் அந்தப் பாட்டுக்கு எழுந்து நின்று கைதட்டியிருக்கிறேன், இன்றைக்கும் தட்டுவேன். வீட்டில் தனியாகப் பார்க்கும்போது மனம் வேறொன்றைக் கேட்கிறது. முதல் நாள் அடுப்பைப் பற்றவைத்தது யார்? முதல் கடன் எங்கே கிடைத்தது? எந்த வருடம் கையைக் கடித்தது? உழைப்பால் உயர்ந்தவன் கதையில் உழைப்பு நடக்கும் இடம் மட்டும் பாட்டாகிவிடுகிறது. நம் சினிமா எனக்குக் கொடுக்காமல் வைத்திருக்கும் படம் அந்த ஐந்து நிமிடத்துக்குள் இருக்கிறது.

'ராக்கி'யும் (1976) அப்படித்தான். பயிற்சி முழுவதும் ஒரு பாட்டு. ஆனால் அதற்கு முன்னால், விடியாத நேரத்தில் எழுந்து, பச்சை முட்டைகளை ஒவ்வொன்றாக கிளாஸில் உடைத்து ஊற்றிக் குடிக்கும் காட்சி இருக்கிறது. எல்லோரும் அந்தப் படிக்கட்டு ஓட்டத்தைச் சொல்வார்கள். என் ஓட்டு முட்டைக்கு.

*

டி சிகாவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' (1948). தகப்பனும் மகனும் ரோமில் சைக்கிளைத் தேடி அலையும் படம் என்று சொல்லிக் கேட்டுத்தான் எடுத்தேன். எனக்கு அது சுவரொட்டி ஒட்டும் வேலையைப் பற்றிய படமாகவே நின்றுவிட்டது.

சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகில் இருக்கிறது. மனைவி மரியா கட்டிலில் இருந்த விரிப்புகளை உருவித் துவைத்து மூட்டை கட்டுகிறாள். அடகுக் கடையில் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் அடுக்கின் மேல் ஏறுகிறார். ஏறிக்கொண்டே இருக்கிறார், கூரை வரை மற்ற வீட்டு விரிப்புகள். டி சிகா அதற்கு ஒரு வசனமும் வைக்கவில்லை.

முதல் நாள் வேலையில் ஒரு சக தொழிலாளி தகப்பன் அந்தோனியோவுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். பசையை எப்படித் தடவுவது, தாளை எப்படி நீவுவது, சுருக்கம் இருந்தால் என்ன ஆகும். அந்தோனியோ ரீட்டா ஹேவொர்த் படத்தை ஏணி மேல் நின்று நீவிக்கொண்டிருக்கும்போதுதான் சைக்கிள் போகிறது. தொழில் கைக்குப் பழகுவதற்கு முன்பே கையை விட்டுப் போய்விட்டது. பிறகு வரும் அலைச்சல் எல்லாவற்றையும்விட அந்தச் சுருக்கம் விழுந்த தாள்தான் என்னை வருத்துகிறது. அந்தோனியோவாக நடித்த லாம்பெர்த்தோ மஜொரானி நிஜத்தில் தொழிற்சாலைத் தொழிலாளி. படம் முடிந்து திரும்பியவருக்கு அந்த வேலையும் நிலைக்கவில்லை.

*

'தி வேஜஸ் ஆஃப் ஃபியர்' (1953). எண்ணெய்க் கிணற்றில் தீ. அணைக்க நைட்ரோகிளிசரின் வேண்டும். நான்கு பேர், இரண்டு லாரி, குலுங்கினால் வெடிக்கும் சரக்கு. வழியை மறித்த பாறையைத் தகர்க்க அந்தத் திரவத்தையே கொஞ்சம் பிளாஸ்கில் எடுத்து, துளைக்குள் ஊற்றுகிறார்கள். ஊற்றுகிற ஆளின் கையைப் பார்த்துக்கொண்டு நான் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை. முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை என்று குறை சொல்வார்கள். வேலையில்லாமல் வெயிலில் கிடக்கும் அந்த ஊரைப் பார்த்தால்தானே, இப்படி ஒரு வேலைக்கு ஏன் போட்டி போடுகிறார்கள் என்று புரியும்.

*

அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்' (1981) இதற்கெல்லாம் நேர் எதிர்ப்பக்கம். இங்கே உண்ணி என்ற மனிதர் கையால் ஒன்றுமே செய்வதில்லை. முற்றத்தில் மாடு புகுந்து செடியைத் தின்றால், விரட்டத் தங்கை ராஜம்மாவைக் கூப்பிடுகிறார். மீசையைத் திருத்திக்கொள்ளும்போது மட்டும் அந்தக் கைகளுக்கு அக்கறை வருகிறது. கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர் வழியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார். கரமன ஜனார்த்தனன் நாயர் இதைக் கேலிப் பாத்திரமாக நடிக்கவில்லை. தனக்குள் பயந்து சுருங்கிய ஒருவராகவே இருக்கிறார். நிலம் இருந்து, விளைச்சல் வந்து, யாரோ வடித்துப் போட்டு வாழ்ந்த ஒரு தலைமுறை தன் காலம் முடிந்த பிறகு இருக்கும் இருப்பு அது.

ராஜம்மாவாக சாரதா. அவர் ஓயாமல் நடக்கிறார். அடுப்படி, கிணறு, திண்ணை, மறுபடி அடுப்படி. வலி வருகிறது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், மறுபடி நடக்கிறார். அவர் படுத்த நாளில்தான் அந்த வீடு எத்தனை வேலைகளால் நின்றுகொண்டிருந்தது என்று தெரிகிறது. இளைய தங்கை ஸ்ரீதேவி எலிப்பொறியைக் குளத்துக்கு எடுத்துப் போய்த் தண்ணீருக்குள் அமுக்குவதை அடூர் முழுதாகக் காட்டுகிறார். அதுவும் ஒரு வீட்டு வேலைதான். பெண்பிள்ளைக்கு விடப்பட்ட வேலை.

பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 1982இல் இதற்கு சதர்லாண்ட் டிராஃபி கொடுத்தது. லண்டனில் இருந்தவர்களுக்கு இதில் நிலவுடைமையின் வீழ்ச்சி தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது நான் பார்த்து வளர்ந்த பல வீடுகள். படம் முடிந்ததும் எழுந்து போய், காலையிலிருந்து தொட்டியில் கிடந்த பாத்திரங்களைக் கழுவினேன்.

*

'மை நெய்பர் டொடோரோ' (1988). மியாசாகியின் அந்தப் பெரிய சாம்பல் நிறப் பிராணியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். என் குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: அம்மா ஆஸ்பத்திரியில். காலையில் மூத்தவள் சாட்சுகி எழுந்து அப்பாவுக்கும் தங்கைக்கும் தனக்கும் மதியச் சாப்பாட்டு டப்பா கட்டுகிறாள். எந்த வயதில் ஒரு குழந்தை அம்மாவாகிறது என்பதை இதைவிட மென்மையாகச் சொன்ன படம் எனக்குத் தெரியாது.

*

குரோசவாவின் 'இகிரு' (1952) பற்றி எனக்கும் என் நண்பர்களுக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு. நகராட்சி அலுவலகப் பிரிவுத் தலைவர் வதனபே, வயிற்றில் புற்றுநோய், சாவதற்கு முன் ஒரு பூங்கா. தொடக்கத்தில் முத்திரை குத்திக்கொண்டிருப்பவர், முத்திரையைத் துடைக்க ஒரு பழைய கோப்பிலிருந்து தாளைக் கிழிக்கிறார். அது அலுவலகத்தைச் சீர்செய்ய அவரே ஒரு காலத்தில் எழுதிய யோசனை. குழந்தைகளுக்கான பொம்மை முயல் செய்யும் வேலைக்குப் போய்விட்ட இளம்பெண் டோயோவின் மகிழ்ச்சியைப் பார்த்துத்தான் தனக்கும் ஏதாவது செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றுகிறது.

வழக்கு இரண்டாம் பாதியில். வதனபே வேலையில் இறங்கியதுமே அவர் இறந்துவிட்டார் என்று சொல்லி, துக்க வீட்டில் கூடிய சக ஊழியர்கள் பேசும் காட்சிக்குப் படம் போய்விடுகிறது. "ஹீரோ பூங்கா கட்டுறதைக் காட்டாம, குடிச்சிட்டுப் பேசுறவங்களைக் காட்டினா எப்படிடா?" என்றான் ஒருவன். நான் அங்கேதான் குரோசவாவை வணங்குகிறேன். குமாஸ்தாவின் வேலை செங்கல் அடுக்குவது அல்ல. ஒவ்வொரு மேசையாகப் போய் நிற்பது, குனிவது, நாளைக்கு வா என்றால் நாளைக்கும் வருவது. அதைச் செய்தவர் சொல்ல முடியாது. அவர் நின்றதைப் பார்த்தவர்கள்தான், பெருமையைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக ஒப்புக்கொள்ள வேண்டும். சாக்கடை தேங்குகிறது என்று மனு கொண்டுவந்து ஒவ்வொரு ஜன்னலாக விரட்டப்பட்ட பெண்கள் அந்தத் துக்க வீட்டுக்கு வந்து அழுகிறார்கள். அதிகாரிகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

*

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). அரசு அலுவலகங்களில் மனுவோடு நின்ற எவருக்கும் இதை 'இகிரு'வுக்கு அடுத்து பார்க்கச் சொல்வேன். சுதா என்ற நடுத்தர வர்க்கத்துப் பெண், தாத்தா, தங்கை. இருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டும். சொந்தமாக ஒன்று கட்டத் தொடங்குகிறார்கள். அனுமதி, கடன், காண்ட்ராக்டர், மழை. வானம் தோண்டுவதிலிருந்து சுவர் எழும்புவது வரை ஒரு கட்டடம் கட்டப்படுவதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய வேறு தமிழ்ப் படம் என் கண்ணில் பட்டதில்லை. 'அண்ணாமலை'யின் அந்த ஒரு பாட்டுக்குள் நான் தேடியது முழுவதும் இங்கே இருக்கிறது.

தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் தனியாக பஸ் ஏறிப் போய், பாதி எழுந்த வீட்டுக்குள் நடந்து, சுவர்களைத் தொட்டுப் பார்க்கும் காட்சியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எழுத வேண்டியதுதான். சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்கு தேசிய விருது கிடைத்தது, அதுவும் கிடைக்க வேண்டியதே. நான் சொல்ல விரும்புவது மங்கம்மாவைப் பற்றி. சித்தாள். சிமெண்ட்டில் நடக்கும் திருட்டை வெளியே கொண்டுவருபவள் அவள்தான். காண்ட்ராக்டர் போன பிறகும் வேலை நிற்காமல் நடக்கிறது என்றால் அதற்கும் அவள் காரணம். தனக்கு ஒரு நாளும் சொந்தமாகப் போகாத வீட்டின் கலவை சரியாக இருக்க வேண்டும் என்று சண்டை போடுகிறாள். நடித்தவர் 'பசி' சத்யா. அந்த நடிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, காட்சி காட்சியாக, யாராவது நீளமாக எழுதினால் நான் தேடிப் போய் வாங்கிப் படிப்பேன்.