ஃபார்வர்ட் பண்ணவன் மேல தப்பே இல்லையா?



"நான் பண்ணல அண்ணா, வந்ததை அனுப்பினேன், அவ்ளோதான்." இந்தப் பதில் நியாயமா என்பதுதான் இன்றைய கேள்வி.

சட்டம் இதுக்குப் பதில் சொல்லிடுச்சு. 2018-ல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை நடிகர் எஸ்.வி.சேகர் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். எழுதினது வேற ஒருத்தர், படிக்காமலேயே பகிர்ந்துட்டேன் என்பது அவர் வாதம். பதிவை நீக்கி மன்னிப்பும் கேட்டார். 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதை ஏத்துக்கல. அனுப்பின செய்தி வில்லை விட்ட அம்பு மாதிரி, சேதத்துக்கு அனுப்பினவரே பொறுப்புன்னு சொல்லிட்டார். 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாத சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதிச்சது.

நம்ம முருகன் விட்ட வேல் சூரனைப் பிளந்துட்டு அவர் கைக்கே திரும்பி வரும். நாம விடுற ஃபார்வர்ட் வராது. 'எல்லோருக்கும் நீக்கு' அழுத்தினாலும், ஒருத்தன் எடுத்த ஸ்கிரீன்ஷாட் அவன் கேலரியில அப்படியே இருக்கும்.

இங்க மணலியில, எங்க தெருவுல பத்தாவது படிக்கிற ஒரு பையன் முகத்தைக் குரங்கு உடம்புல ஒட்டி ஸ்டிக்கர் ஆக்கினாங்க. ஆக்கினது ஒருத்தன். கிளாஸ் குரூப்ல பரப்பினது, சிரிச்சது நாற்பது பேர். பையன் ரெண்டு வாரம் ஸ்கூல் பக்கமே போகல. ஆக்கினவனுக்காவது கிரிக்கெட் மேட்ச்ல ஏதோ பழைய சண்டை. மத்தவங்களுக்கு அவன்மேல கோபம்கூட இல்ல. எனக்கு இதுதான் அதிகம் உறுத்துது. கோபமே இல்லாம ஒருத்தனை எப்படி அழ வைக்க முடியுது? அந்த நாற்பது பேர் சிரிக்கலைன்னா அந்த ஸ்டிக்கர் அன்னைக்கே செத்திருக்கும்.

அதுக்காக நாற்பது பேரையும் ஸ்டேஷனுக்கு இழுக்கணும்னு நான் சொல்லல. சூரனையே மயிலாவும் சேவலாவும் ஆக்கிக்கிட்டவர் நம்ம சாமி; பதினஞ்சு வயசுப் பசங்களைத் திருத்த முடியாதா? அந்தக் குரூப்ல ஒரே ஒரு பொண்ணு, "இதை எடுங்கடா"ன்னு போட்டா. அவளையும் கலாய்ச்சாங்க. ஆனா அதுக்கப்புறம் புதுசா ஒரு ஸ்டிக்கரும் வரல.

உங்களுக்கே இப்படி நடந்தா, பயத்துல உடனே எல்லாத்தையும் அழிச்சிடாதீங்க. நம்பர், தேதி தெரியிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்ல ஒருத்தர்கிட்ட காட்டுங்க. வீட்ல சொல்ல முடியலைன்னா 1098, குழந்தைகளுக்கான இலவச நம்பர், ராத்திரியிலும் எடுப்பாங்க.