விருப்பக் கேள்வி

2021 மார்ச் மாதம் இங்கிலாந்தில் குடிசனக் கணக்கெடுப்பு நடந்தது. முதன்முறையாகப் பெரும்பாலும் இணையத்திலேயே நிரப்பச் சொல்லியிருந்தார்கள். கணினி வேலை செய்கிறவன் என்பதால் இப்படியான படிவங்கள் எல்லாம் எங்கள் வீட்டில் என் தலையில்தான் விழும். வயது, தொழில், படிப்பு என்று விரைவாகத் தட்டிக்கொண்டு போனவன் மதம் என்ற கேள்வியில் நின்றுவிட்டேன். அது விருப்பக் கேள்வி. பதில் சொல்லாமலும் விடலாம். பக்கத்தில் இருந்த மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. "அப்பா, நாங்கள் என்ன?" என்று கேட்டாள்.

அம்மா இறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது.

2020 ஏப்ரலில் இலங்கை விமான நிலையம் வருகைப் பயணிகளுக்கு மூடியிருந்தது. யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு. ஒரே ஆண்பிள்ளையான நான் ஹரோவில் சமையலறை மேசையில், தண்ணீர்ப் போத்தலில் தொலைபேசியைச் சாய்த்து வைத்துச் செத்தவீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மாவின் மகன்தான் கொள்ளி வைக்கப் போனான். இணைப்பு இரண்டு தரம் அறுந்தது. மூன்றாம் தரம் வந்தபோது முற்றத்தில் ஒருவரும் இல்லை. கதிரைகள் மட்டும் கிடந்தன.

அதற்குப் பத்து வருடத்துக்கு முன்பே நான் கோயிலுக்குப் போவதை விட்டிருந்தேன். காரணம் கேட்பவர்களுக்கு ஒரு கதை வைத்திருந்தேன். இந்த நகரத்தில் ஒரு கோயிலுக்கு (பெயர் வேண்டாம்) அர்ச்சனைச் சீட்டு மென்பொருளை எழுதிக் கொடுத்தவன் நான். பிறகு நிர்வாகம் இரண்டாக உடைந்தது. திறப்பு யாருடையது என்ற சண்டையில் திருவிழா நாளில் வாசலில் பொலிஸ் வந்து நின்றது. அன்றோடு விட்டேன் என்று சொல்வேன். கேட்பவர்களும் தலையாட்டுவார்கள், ஏனென்றால் அவர்களிடமும் அப்படி ஒரு கதை இருக்கும். உண்மை அதுவல்ல. நம்பிக்கை எப்போதோ போயிருந்தது, சண்டை எனக்கு ஒரு சாட்டு. நிர்வாகத்தைக் குறை சொல்வது எளிது. தேவாரம் பாடும்போது உள்ளே ஒன்றும் அசையவில்லை என்று அம்மாவிடம் சொல்வதுதான் கடினம்.

புலம்பெயர்ந்தவனுக்குக் கோயிலை விடுவது கடவுளை விடுவதோடு முடிவதில்லை. 1981இல் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலும் 1986இல் ஹைகேற் முருகன் கோயிலும் வந்த காலத்திலிருந்து, ஊரில் சந்தி, வாசிகசாலை, அயல்வீடு எல்லாம் சேர்ந்து செய்த வேலையை இங்கே கோயில்கள்தான் செய்கின்றன. பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுவது அங்கே, வந்து இறங்கியவனுக்கு அறை கிடைப்பது அங்கே, செத்தவீட்டுச் செய்தி பரவுவதும் அங்கே. நான் விட்டபோது இவற்றையும் சேர்த்துத்தான் விட்டேன். அம்மாவின் எட்டு அன்றுதான் அது தெரிந்தது. வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. ஊரடங்கு ஒரு காரணம். ஊரடங்கு இல்லாவிட்டாலும் யார் வந்திருப்பார்கள்?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன் அக்கா அழைத்தாள். அங்கே ஐயர் கிரியை செய்யும்போது இங்கிருந்து காணொளியில் நான் கூடவே செய்யலாம் என்றாள். மாட்டேன் என்றேன். நம்பாத மந்திரத்தைச் சொன்னால் அது அம்மாவை ஏமாற்றுவது என்று விளக்கமும் கொடுத்தேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ நம்பாட்டிப் பரவாயில்லை. அம்மா நம்பினவாதானே" என்றாள்.

ஒரு சடங்கில் யாருடைய நம்பிக்கை முக்கியம்? செய்கிறவனுடையதா, யாருக்காகச் செய்யப்படுகிறதோ அவருடையதா? என் நேர்மையைக் காப்பாற்ற அம்மாவின் விருப்பத்தைச் செலவழித்தேனா? அந்த நாட்களில் இரவில் தூக்கம் வராது. யோகா, தியானச் செயலி, மனநல ஆலோசனை எல்லாம் பார்த்தேன். ஆலோசகர் நல்லவர், ஆனால் அந்தியேட்டி என்றால் என்ன என்று அவருக்கு விளக்குவதிலேயே முதல் மூன்று அமர்வுகள் போய்விட்டன.

தூக்கம் வராத அப்படியான ஓர் இரவில்தான் வள்ளலாரின் பேருபதேசத்தைத் தொலைபேசியில் படித்தேன். 1873 அக்டோபர் 22, மேட்டுக்குப்பம். ஐம்பது வயது நிறைந்து சில நாட்களே ஆன இராமலிங்க அடிகள், கூடியிருந்தவர்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்கிறார். சைவத்தின் மேல் தனக்கு இருந்த பற்று அளவில்லாதது, தான் பாடிய பழைய தோத்திரங்களே அதற்குச் சாட்சி, அந்தப் பற்று இப்போது போய்விட்டது, அது அறிவு சிறிதாக இருந்த காலம் என்கிறார். யாரையும் திட்டவில்லை. நிர்வாகச் சண்டை போன்ற சாட்டு எதையும் சொல்லவில்லை. தன் பழைய பாடல்களைக் கிழித்துப் போடவும் இல்லை. கோயிலை விட்டுப் பத்து வருடமாகியும் எனக்கு வராத ஒரு தொனி அது.

அவர் கடவுளை விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அருட்பெருஞ்சோதி அவருக்கு மெய். எனக்கு அது இல்லை. இந்த இடத்தில் அவரை என் கட்சிக்கு இழுத்துக்கொள்வது களவு.

யாழ்ப்பாணத்தில் சமயபாடம் படித்தவனுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாங்கள் படித்த சைவத்துக்கு அச்சு வார்த்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். திருவருட்பாவை எதிர்த்து 1869இல் மறுப்பு எழுதியவரும் அவரே. அந்தப் பிணக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. எது அருட்பா, எது மருட்பா என்ற சண்டை அவர்கள் இருவருக்கும் பிறகும் பல வருடங்கள் நீண்டது. ஆனால் வள்ளலார் 1867 மே மாதம் வடலூரில் தருமசாலை அடுப்பை மூட்டினார். அது இன்றுவரை அணையாமல் காக்கப்படுகிறது. பத்து வருடம் கழித்து, 1877 பஞ்சத்தில், நாவலர் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி வைத்தார். நூலில் எதிரிகளாக இருந்தவர்கள் கஞ்சியில் ஒன்றாக இருந்தார்கள் என்று சொல்லி இதை இனிப்பாக முடித்துவிடலாம். சாதி விடயத்தில் இருவரும் ஒன்றல்ல என்பதால் முடிக்க மாட்டேன். வள்ளலாரும் வாசலே வைக்காதவர் அல்லர். சத்திய ஞான சபைக்குள் போகக் கொலையும் புலாலும் தவிர்த்திருக்க வேண்டும். தருமசாலைப் பந்திக்கு மட்டும் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. பசி ஒன்றே போதும்.

அந்த வேறுபாடுதான் என்னைப் பிடித்தது. உள்ளே நுழைய எதை நம்ப வேண்டும் என்று கேட்கும் இடமும், ஒன்றும் கேட்காத இடமும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. மதத்தை விட்டவர்கள் முதல் இடத்தை விட்டோம் என்று சொல்லிக்கொண்டு இரண்டாவதையும் விட்டுவிடுகிறோம். பிறகு எல்லாவற்றையும் தலைக்குள் தனியாகச் செய்து முடிக்கப் பார்க்கிறோம்.

ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி 1929 ஆகஸ்டில் ஒல்லாந்தின் ஓமனில், தனக்காகவே கட்டப்பட்ட நட்சத்திர சங்கத்தைக் கலைத்தார். உண்மைக்குப் போக எந்த அமைப்பும் பாதை போட முடியாது என்பது அவர் வாதம். இருபது வயதில் அது எனக்கு வேதம் போல இருந்தது. ஆனால் அவர் பேச்சைப் பாதுகாக்கவும் அறக்கட்டளைகள் வந்தன, இங்கே ஹாம்ப்ஷயரில் 1969இல் பிராக்வுட் பார்க் பள்ளி வந்தது. வடலூர் அடுப்பை இன்று பார்த்துக்கொள்வதும் தமிழ்நாட்டு அறநிலையத் துறைதான். விறகு வாங்கக் கணக்கு வேண்டும், கணக்கு எழுத ஆள் வேண்டும். மென்பொருள் எழுதிக் கொடுத்தவனுக்கு இது புரியாமல் இருக்கக் கூடாது.

நான் இப்போது சனிக்கிழமைகளில் ஓர் இலவச மதிய உணவுக் கூடத்தில் சமைக்கிறேன். கோயிலை விட்டவன் சமைக்கும் அந்த இடம் ஓர் ஆங்கிலிக்கன் தேவாலய மண்டபம்! அவர்களுடைய கூரை, அவர்களுடைய அடுப்பு, அவர்களுடைய ரோட்டா. என்ன நம்புகிறாய் என்று கேட்டதில்லை. உணவுச் சுகாதாரச் சான்றிதழ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. சூடு 63 பாகைக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதால் வெப்பமானியைக் குத்திக் குத்திப் பார்க்க வேண்டும். படையலுக்குச் சமைக்கும்போது அம்மா உப்புக்கூடப் பார்க்க மாட்டா. குணமாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். பத்துக் கிலோ அரிசி களைந்து வந்த இரவுகளில் தூக்கம் வந்தது, அவ்வளவுதான்.

கணக்கெடுப்பில் என் பெயருக்கு நேரே மதம் இல்லை என்று போட்டேன். முடிவுகள் வந்தபோது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 37.2 வீதம் பேர் அதையே போட்டிருந்தார்கள். மகள் தன் கேள்வியை வெறுமையாக விடச் சொன்னாள். அவளுக்கு இன்னும் தெரியாதாம்.

ஊரில் தாய்க்கு விரதம் சித்திராப் பௌர்ணமி. அக்கா ஒவ்வொரு வருடமும் பிடிக்கிறாள், எனக்கும் சேர்த்து. ஒரு வருடம் அதை ஒட்டி வந்த சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அன்று இரவு அக்கா அழைத்தபோது அம்மாவின் குழம்பு வைத்தோம் என்றேன்.

"எத்தினை பேர் சாப்பிட்டவை?"

"நாற்பத்திரண்டு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"கத்தரிக்காயை ஆர் பொரிச்சது? நீயோ?"

"இல்லை, பிள்ளை."

"அவளிட்டக் குடு" என்றாள்.