தடமும் சுவடும்

தடம் என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. மண்ணில் பதிந்த காலடியும் தடம். மாட்டுவண்டிச் சக்கரம் கீறிய பள்ளமும் தடம். பேருந்தின் நெற்றியிலுள்ள எண்ணும் தட எண்ணே. நெறி தவறியவனைத் தடம் புரண்டவன் என்கிறோம். சென்றவர் விட்ட சுவடும், செல்வோர்க்கு வேண்டிய பாதையும் இவ்வொரு சொல்லிலேயே அடங்கியுள்ளன. ஆதலின் ஒரு வினா எழுகிறது: முன்னோர் தடத்தைப் போற்றுதல் என்பது சுவட்டைக் காப்பதா, பாதையில் நடப்பதா?

திருப்பதியில் இவ்விரண்டையும் அருகருகே காண்கிறோம். திருமலைக் கோயிற் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ். அலிபிரியிலிருந்து மலையேறும் வழியோ ஏறத்தாழ 3,550 படிகள் கொண்டது. மலையைக் காலால் மிதிக்க அஞ்சிய இராமாநுசர் முழங்காலால் ஏறினார் என்பது வைணவ மரபு. 1944-இல் மலைச்சாலை திறக்கப்பட்டபின், நடந்தே ஏறவேண்டிய கட்டாயம் எவர்க்கும் இல்லை. ஆயினும் அடியார்கள் நாள்தோறும் நடந்து ஏறுவதால் படிவழி இன்றும் வழியாகவே இருக்கிறது. கல்வெட்டு, படிப்பார் இல்லாவிடினும் கல்லில் நிற்கும். பாதையோ நடப்பார் இல்லையேல் முள் மூடிப்போகும்.

சித்தூர், திருப்பதித் தமிழர்க்கு இவ்வேறுபாடு நெருக்கமானது. வேங்கடத்தைத் தமிழகத்தின் வட எல்லையாகச் சுட்டுகிறது தொல்காப்பியப் பாயிரம். 1911-இல் அமைந்த சித்தூர் மாவட்டம் 1953-இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960-இல் அதிலிருந்து திருத்தணி பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நம்மிற் சிலர் பிழைப்பு நாடி இங்கு வந்தோம்; சிலர் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைக்கோடு நகர்ந்தது. இரு சாரார்க்கும் கவலை ஒன்றே: தெலுங்கும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைகளிடம் தமிழ் நிலைக்குமா?

கல்வெட்டைக் காட்டிப் பெருமை பேசினால் மட்டும் நிலைக்காது. கட்டளையாலும் நிலைக்காது. முன்பு காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாகப் பாகாலைக்குச் சென்ற இருப்புப்பாதை 1 மீட்டர் அகலம். சென்னையிலிருந்து காட்பாடிக்கு வந்ததோ 1.676 மீட்டர். ஆதலால் சித்தூர்ப் பயணிகள் காட்பாடியில் இறங்கி வண்டி மாறினர். தன் அகலத்துக்கு ஒத்த சக்கரத்தை மட்டுமே ஏற்பது தண்டவாளத்தின் இயல்பு. தெலுங்குச் சொல்லொன்று கலந்ததற்காகக் கடிந்துகொண்டால், மொழியையும் நாம் தண்டவாளமாக்கிவிடுகிறோம். பிள்ளைகள் அடுத்த சந்திப்பிலேயே இறங்கி வண்டி மாறிவிடுவார்கள்.

1980-களில் தமிழக, கருநாடகக் காடுகளிலிருந்து இம்மாவட்டத்துக் கௌண்டின்யக் காட்டுக்கு யானைகள் வலசை வந்தன. மூத்த பெண்யானை முன்செல்ல, கன்றுகள் பின்தொடர்ந்தே வழி அறிகின்றன.

நாமும் முன்னே நடப்போம். வீட்டுக் கணக்கைத் தமிழில் எழுதுவோம். உணவு வேளையில் தமிழில் உரையாடுவோம். இரவில் ஒரு கதையேனும் சொல்வோம். பிள்ளைகள் பின்வருவதும் வேறு வழி தேர்வதும் அவர்தம் உரிமை. என்றேனும் அவர்கள் திரும்பிப் பார்க்கும்போது, வழியில் முள் மூடாதிருக்கச் செய்வது நம் கடன்.