பெண் மனத்தின் விருப்பமும் பெரியோர் பொறுப்பும்

கற்பனைக் கதையொன்றில் ஒரு பெண் தன் மனத்தைப் பறிகொடுத்தல் தகுமா? அது வீண் பொழுதுபோக்கா, அன்றி அறிவு வளர்ச்சியின் ஒரு படியா? இவ்வினா புதியதன்று. நாவல் படிக்கும் பெண்ணைக் குறித்து நம் பாட்டியர் காலத்தில் எழுந்த அதே வினாதான், கைப்பேசி ஏந்திய பேத்தியைக் குறித்து இன்றும் எழுகிறது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலும் உழைப்போரின் இல்லங்களை எண்ணிப் பாருங்கள். பூந்தமல்லியில் பேருந்தேறிக் கல்லூரி செல்லும் மகளுக்கு ஜப்பானியச் சித்திரத் தொடர்களின் மாந்தர் அனைவரும் மனப்பாடம். மற்றொருத்தி, கொரியப் பாடகர் குழுவொன்றின் பாடல்களை விளங்கிக்கொள்ள விரும்பிக் கொரிய எழுத்தையே கற்றுவிட்டாள். இன்னொருத்தி, தான் நேசித்த கதை முடிந்துபோனதைப் பொறாமல், அதன் அடுத்த அத்தியாயங்களைத் தானே எழுதி இணையத்தில் இடுகிறாள். முகமறியாத தோழியர் அதைப் படித்துக் கருத்துரைக்கிறார்கள். "இது என்ன பைத்தியம்?" என்று உம்மா கேட்கிறார். அத்தா கைப்பேசியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார்.

இது ஏதோ அயல்நாட்டுச் சங்கதி என்று இனி ஒதுக்கிவிட இயலாது. சித்திரக்கதை அன்பர்கள் கூடும் காமிக் கான் விழா, 2024 பிப்ரவரியில் முதன்முறையாகச் சென்னைக்கு வந்தது. தாம் விரும்பும் பாத்திரங்களாக வேடம் புனைந்து வருவது அவ்விழாவின் வழக்கம். அது நடந்த நந்தம்பாக்கம் வர்த்தக மையம், பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலையிலேயே இருக்கிறது. விழா நம் வாசல் வழியே வந்துவிட்டது. அதை எவ்வாறு எதிர்கொள்வது என்பதே நம்முன் உள்ள கேள்வி.

இரண்டு தராசுகள்

முதலில் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்வோம். கிரிக்கெட் வீரர்களின் ஓட்டக் கணக்கையெல்லாம் ஆண்டுவாரியாக ஒப்பிக்கும் மகனைப் பார்த்து, "என்ன ஞாபகசக்தி!" என்று வியக்கிறோம். கதைமாந்தரின் வரலாற்றை அதே நுட்பத்துடன் ஒப்பிக்கும் மகளைப் பார்த்து, "நாளை புகுந்த வீட்டில் இது சோறு போடுமா?" என்கிறோம். ஓட்டக் கணக்கு மட்டும் சோறு போடுமா என்று எவரும் கேட்பதில்லை. பொருள் ஒன்று, எடை ஒன்று. ஆனால் தராசுதான் இரண்டு. நிறுவையில் நீதி வேண்டும் என்பது கடைத்தெருவுக்கு மட்டும் உரிய அறமன்று. பிள்ளைகளின் மனங்களை நிறுக்கும்போதும் அது வேண்டும்.

வெளியிலும் அவளுக்கு நீதி கிடைப்பதில்லை. இத்தகைய ரசிகர் கூட்டங்களில் பெண்ணொருத்தி வாய் திறந்தால், "உண்மையில் நீ படித்திருக்கிறாயா? இதற்கு விடை சொல்" என்று ஆடவர் சிலர் பரீட்சை வைக்கின்றனர். ‘போலி ரசிகை’ என்ற பட்டமும் உண்டு. ஆண்களுக்கு அத்தகைய நுழைவுத் தேர்வு இல்லை. ஆக, வீட்டார் பார்வையில் அவளது ஈடுபாடு அளவுக்கு மிஞ்சியது. வெளியார் பார்வையில் அது போதாதது. இரு வாயில்களிலும் தடுக்கப்பட்டவள் எங்கே நிற்பாள்?

சென்னையில் அச்சேறிய கனவு

அறிவியல் கற்பனை என்பது பெண்ணுக்கும், குறிப்பாக முஸ்லிம் பெண்ணுக்கும், அந்நியமானது என்று எண்ணுவோர் 1905ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். கமலா சத்தியநாதன் அம்மையார் சென்னையில் நடத்திவந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில், அவ்வாண்டு ‘சுல்தானாவின் கனவு’ என்னும் ஆங்கிலக் கதை வெளிவந்தது. எழுதியவர் வங்கத்து முஸ்லிம் பெண்மணி பேகம் ரொக்கையா. பெண்கள் ஆளும் நாடு ஒன்று அதில் வருகிறது. அங்கே சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள், மேகத்திலிருந்து நேரே நீரை இறக்குகிறார்கள், வானூர்தியில் பறக்கிறார்கள். ஆடவரோ திரைக்குப் பின்னே வீட்டு வேலை பார்க்கிறார்கள்! சூரிய அடுப்பும் சூரிய மின்சாரமும் நம் ஊர்களுக்கு வருவதற்குப் பல்லாண்டுகள் முன்பே, ஒரு முஸ்லிம் பெண்ணின் மனம் அவற்றைக் கண்டுவிட்டது. அக்கனவு முதலில் அச்சேறிய ஊர் நம் சென்னை.

அக்கற்பனை எங்ஙனம் காக்கப்பட்டது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. அவர் பிறந்த வீட்டில் பெண்களுக்கு ஆங்கிலமும் வங்க எழுத்தும் கற்பிக்கும் வழக்கமில்லை. வீட்டார் உறங்கிய பின், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவருடைய அண்ணன் இப்ராஹீம் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். மணமான பின், கணவர் சகாவத் ஹுசைன் அவரை எழுதத் தூண்டினார். ஆடவரை வீட்டுக்குள் பூட்டிய அந்தக் கதையை முதலில் படித்து ரசித்தவரும் அவரே. அந்த ரொக்கையாதான் பின்னாளில், 1911இல், கல்கத்தாவில் முஸ்லிம் சிறுமியருக்கான பள்ளியை நிலைநாட்டினார். கனவு கண்டவர் கடமையில் குறைந்துவிடவில்லை.

ரசிகையரின் உழைப்பு

"ரொக்கையா எழுதினார், நம் பெண்கள் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறார்களே" என்று சிலர் கூறக்கூடும். ரசிப்பதற்கும் ஆக்குவதற்கும் இடையே அத்தனை பெரிய மதில் இல்லை. விண்வெளிப் பயணத்தைக் கூறும் ‘ஸ்டார் டிரெக்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 1966இல் தொடங்கிற்று. அடுத்த ஆண்டே அதற்கென ஒரு ரசிகர் இதழைத் தொகுத்து வெளியிட்டோர் இரு பெண்கள். 1968இல் தொடர் நிறுத்தப்பட இருந்தபோது, கடித இயக்கம் நடத்தி அதைக் காத்ததில் பிஜோ டிரிம்பிள் என்னும் பெண்மணிக்குப் பெரும் பங்கு உண்டு. ரசிகையர் எழுதும் கதைகளைப் பாதுகாக்க 2009இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இணையக் காப்பகம் ஒன்றைப் பெரும்பாலும் பெண்களே ஊதியமின்றிக் கட்டி எழுப்பினர். நிரல் எழுதவும் சட்டம் அறியவும் அவ்வேலையின் பொருட்டே கற்றவர்கள் அவர்களுள் உண்டு. 2019இல் அக்காப்பகம், அறிவியல் புனைகதை உலகின் உயரிய ஹியூகோ விருதைப் பெற்றது. நேசம் அங்கே உழைப்பாக மாறிற்று; உழைப்பு கல்வியாக மாறிற்று.

அச்சம் பொய்யன்று

இத்தனையும் கூறியபின், பெற்றோரின் அச்சத்தை எள்ளி நகையாடுதல் அறமாகாது. 2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த எட்டாம் வகுப்புச் சிறுமியர் மூவர், கொரியப் பாடகர்களை நேரில் காணும் ஆசையால் வீட்டைவிட்டுப் புறப்பட்டனர். கையிலிருந்தது ஏறத்தாழ 14,000 ரூபாய். விசாகப்பட்டினம் சென்று கப்பலேறிக் கொரியா சேர்வது அவர்கள் திட்டம். சென்னை வரை வந்து, பின்னர்க் காட்பாடி இரயில் நிலையத்தில் மீட்கப்பட்டனர். இறைவன் காத்தான்.

அப்பிள்ளைகளைக் கண்டு நாடே சிரித்தது. சிரிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? கப்பல் எத்துறைமுகத்தில் புறப்படும் என்பதை அவர்களே தேடி அறிந்திருந்தனர். தேடும் அறிவு இருந்தது, துணிவு இருந்தது, ஒருவருக்கொருவர் விசுவாசமும் இருந்தது. இல்லாதது ஒன்றே: அத்திட்டத்தைக் காதில் வாங்கிய ஒரு பெரியவர்.

நம் பெண்களுக்கென்று வேறொரு ஆபத்தும் உண்டு. 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும், முஸ்லிம் பெண்களின் நிழற்படங்களைத் திருடி, ‘ஏலம்’ என்று இணையத்தில் இட்டனர் கயவர். படம் இடாதே என்று மகளைத் தடுக்கும் தாய், வீண் அச்சத்தால் தடுக்கவில்லை. ரசிகையரின் பணத்தையும் உறக்கத்தையும் விழுங்கிக் கொழுக்கும் வணிகமும் ஒருபுறம் காத்திருக்கிறது.

ஆயினும் ஆராய்ந்து பார்த்தால், இவ்வாபத்துகளின் வேர் விருப்பத்தில் இல்லை. பெரும்பாலும் தனிமையிலும் மறைவிலும் இருக்கிறது. கைப்பேசியைப் பூட்டி வைக்கலாம். விருப்பத்தைப் பூட்ட அலமாரி இல்லை. பூட்டப்பட்ட விருப்பம் தோழியின் கைப்பேசிக்கு இடம் பெயரும். அச்சுறுத்தல் வந்த நாளில், "அத்தாவுக்குத் தெரிந்தால் எல்லாம் போய்விடும்" என்று அப்பெண் வாய் மூடுவாள். அந்த மௌனமே கயவனுக்குக் கவசம்.

வேடமும் உருவமும்

2014இல் தனித் தொடராக வெளிவந்த ‘மிஸ் மார்வெல்’ சித்திரக்கதையின் நாயகி கமலா கான், அமெரிக்காவில் வாழும் பாகிஸ்தானிய முஸ்லிம் குடும்பத்துச் சிறுமி. அவளே ஒரு ரசிகை. வீர நாயகர்களைப் பற்றிக் கதை எழுதி இணையத்தில் இடுபவள். அற்புத ஆற்றல் கிட்டியதும், தான் வியந்த பொன்னிறக் கூந்தல் வீராங்கனையின் உருவையே அவள் எடுத்துக்கொள்கிறாள். அவ்வுரு அவளுக்குப் பொருந்தவில்லை. பிறகே தன் சொந்த உருவில் நின்று பிறரைக் காக்கத் தொடங்குகிறாள். விருப்பம் முதலில் பிறர் வேடத்தை அணிகிறது; வழிகாட்டல் இருந்தால் தன் உருவைக் கண்டடைகிறது.

அக்கதையில் கமலா பள்ளிவாசல் இமாமிடம் அனுப்பப்படும் இடமொன்று உண்டு. கண்டிப்பார் என்று நடுங்கிச் செல்கிறாள். அவரோ தடை விதிக்கவில்லை. செய்யத் துணிந்ததை நற்பண்புகளோடு செய்யுமாறும், ஓர் ஆசானைத் தேடிக்கொள்ளுமாறும் அறிவுரை கூறி அனுப்புகிறார். அச்சித்திரக்கதை கற்பனையாயினும், அவ்விமாமின் அணுகுமுறை நம் ஒவ்வோர் இல்லத்துக்கும் ஏற்றது.

ஆகவே பெற்றோர்க்குச் சொல்லத்தக்கது இதுவே: விலக்குமுன் வினவுங்கள். "உனக்கு இதில் என்ன பிடித்திருக்கிறது?" என்று ஒருநாள் அமர்ந்து கேளுங்கள், அவள் எழுதிய அத்தியாயத்தை வாங்கிப் படியுங்கள். அதன் பிறகு இடப்படும் எல்லைகளை அவள் பகையாகக் கருதமாட்டாள். முகமறியாதவரிடம் முகவரி தராதே, படம் அனுப்பாதே, மிரட்டல் வந்தால் முதலில் எங்களிடம் வா என்னும் சொற்கள், கேட்கும் செவியுள்ள பெற்றோரின் வாயிலிருந்து வந்தால்தான் வலிமை பெறும்.

சகோதரிகளுக்கும் ஒரு சொல். நேசிக்கும் கதையிலிருந்து எதைக் கற்றீர்கள், எதை ஆக்கினீர்கள், எவருக்கு உதவினீர்கள் என்று உங்களை நீங்களே அவ்வப்போது கேட்டுக்கொள்ளுங்கள். விடை இருக்குமாயின் உங்கள் பொழுது வீணாகவில்லை. ரொக்கையாவின் கனவு ஒரு பள்ளியாக விளைந்தது. அவருக்கு மெழுகுவர்த்தி ஏந்த ஓர் அண்ணன் இருந்தார். நம் பெண்களின் கனவுகள் என்னவாக விளையும் என்பதில், அவர்கள் அருகே விளக்கேந்தி அமர நாம் முன்வருவோமா என்பதற்கும் பங்கு உண்டு.